வாய்க்கால்பாலத் தெரு மின்மாற்றியும் என் தந்தையின் குதிகாலும்

அனுப்புநர்
நா. தஸ்மியா,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
(த/பெ நாசர், கம்பியாளர், தற்போது மருத்துவ விடுப்பில்)
வாய்க்கால்பாலத் தெரு, வடகரைப்பேட்டை,
அம்பாசமுத்திரம் வழி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
மின்வாரிய உபகோட்ட அலுவலகம்,
வடகரைப்பேட்டை.

பொருள்: மாலை நேர மின்னழுத்தக் குறைவாலும் பீஸ் போவதாலும் என் தந்தையின் குதிகாலுக்கு நடைபெறும் அதிர்வலைச் சிகிச்சை தடைபடுவது – எங்கள் தெரு மின்மாற்றியின் சுமையை மாலையில் அளந்து ஆவன செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 30.11.1998 அன்று தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நடந்தவற்றை நடந்தபடியே பதிவு செய்யப் போகிறேன். எங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட மாட்டேன். கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே எழுதுகிறேன். சென்ற மனுவை அவசரத்தில் ஒரே பக்கத்தில் எழுதினேன். அது போதவில்லை என்று இப்போது தெரிகிறது. இந்த மனுவை டாக்டர் சுப்ரியா அவர்களின் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அமர்ந்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. மதுரையிலிருந்து வர வேண்டிய வேன் இன்னும் வரவில்லை. எனவே நிதானமாக எழுத நேரம் இருக்கிறது.

1. என் தந்தை நாசர் அவர்கள் இந்த உபகோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கம்பியாளராக இருக்கிறார். தாங்கள் இங்கு மாறுதலாகி வந்து சில மாதங்களே ஆவதால் எங்கள் ஊரின் ஒரு பழக்கத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இங்கே மின்சாரம் போனால் யாரும் தங்கள் அலுவலகத்திற்குப் போவதில்லை. எங்கள் வீட்டிற்கு வருகிறார்கள். கதவைக்கூடத் தட்டுவதில்லை, தெருவில் நின்றபடி "நாசரு" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அவர் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போவார். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறார். பெருநாள் தொழுகை முடிந்து புதுச்சட்டையோடு கம்பம் ஏறியிருக்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அதில் பெருமை உண்டு, எங்களுக்கும் உண்டு. ஆனால் இந்தப் பழக்கம்தான் பின்வரும் நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குக் காரணம் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன்.

2. கம்பத்தில் வேலை செய்பவரைக் கீழே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அவருடைய குதிகால் எதன்மீதும் இருக்காது. முன்பாதம் மட்டும் பதிந்திருக்கும். குதிகால் காற்றில் நிற்கும். கைகள் இரண்டும் கம்பியில் வேலையாக இருக்கும்போது உடலின் பாரம் முழுவதையும் கெண்டைக்காலிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்கும் ஒரு நாண்தான் தாங்குகிறது. ஊரில் அதைக் குதிங்கால் நரம்பு என்பார்கள். அது நரம்பல்ல, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். அக்கிலிஸ் தசைநாண் என்று அதற்குப் பெயர். மனித உடலிலேயே தடித்த நாண் அதுதான் என்று பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன். தடித்ததாயினும் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

3. சென்ற ஆடிக் காற்றில் வாய்க்கால் கரையில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது என் தந்தை வீட்டில் இருந்ததைவிடக் கம்பத்தில் இருந்ததே அதிகம். அதன்பின் காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடிக்கத் தொடங்கினார். அதை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் முன்பாக எழுந்தார். எங்கள் வீட்டில் என் தாயார் ஜுபைதா பீவி அவர்களுக்கு முன்பாக எழ யாராலும் முடியாது என்பதால் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

4. எண்ணெய் தேய்த்தும் உப்பு ஒத்தடம் கொடுத்தும் பார்த்தோம். குதிகாலுக்கு மேலே நாண் இருக்கும் இடம் விரல் பருமனுக்கு வீங்கியது. ஊசி ஒன்று போட்டால் மறுநாளே கம்பம் ஏறிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த யோசனை என் தந்தைக்கு மிகவும் பிடித்திருந்தது. எலும்பு மருத்துவர் சுப்ரியா அவர்கள்தான் அதைத் தடுத்தார். அவர் ஜெர்மனியில் பயிற்சி பெற்றவர். வியாழக்கிழமைகளில் மட்டும் எங்கள் தெருவின் மேல்கோடியில் மருத்துவம் பார்க்கிறார். அந்த ஊசி வலியை அடக்குமே தவிர நாணைச் சரிசெய்யாது என்றும், வலி போய்விட்டது என்று நம்பி ஏறினால் கம்பத்திலேயே நாண் அறுந்துபோகலாம் என்றும் விளக்கினார். என் தந்தை பதில் பேசாமல் இருந்தார். பதில் பேசவில்லை என்றால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அது டாக்டருக்கும் புரிந்துவிட்டது. "நாசர், ஒரு வயர்ல மேலுறை உரிஞ்சு கிடந்தா நீங்க பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டு சப்ளை கொடுப்பீங்களா?" என்று கேட்டார். என் தந்தை ஒத்துக்கொண்ட வாதம் அது ஒன்றுதான்.

5. டாக்டர் கூறிய மாற்றுச் சிகிச்சைக்கு அதிர்வலைச் சிகிச்சை என்று பெயர். சிறுநீரகத்தில் உள்ள கல்லை, உடலைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கும் இயந்திரத்தைப் பற்றித் தாங்கள் அறிந்திருப்பீர்கள். அதே அலையை மிகக் குறைந்த வலிமையில் நாணின்மீது செலுத்துகிறார்கள். உடலுக்குள் மின்சாரம் போவதில்லை. ஒலியைப் போன்ற அழுத்த அலை மட்டுமே போகிறது. குப்புறப் படுக்க வைத்து, வலிக்கும் இடத்தில் வழுவழுப்பான பசை ஒன்றைத் தடவி, கைப்பிடி போன்ற கருவியை அதன்மேல் வைக்கிறார்கள். தட்டச்சுப் பள்ளியில் ஒரே எழுத்தை விடாமல் அடிப்பது போன்ற சத்தம் வரும். வலிக்கத்தான் செய்யும் என்று என் தந்தை சொன்னார். பொறுக்க முடிந்த வலி என்றும் சொன்னார்.

அது எப்படிக் குணமாக்குகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். இன்னும் முழுவதும் தெரியவில்லை என்றார். ஆறாமலே பழகிப்போன நாணைத் தட்டி எழுப்பி, அங்கே புது இரத்த ஓட்டத்தை வரவழைக்கிறது என்று கருதுகிறார்களாம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலித்தாலும் மாதக்கணக்கில்தான் தெரியும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். இதோடு, படிவிளிம்பில் நின்று குதிகாலைப் பையப் பையக் கீழே இறக்கும் பயிற்சியையும் தினமும் செய்யச் சொல்லியிருக்கிறார். நிச்சயம் இல்லாத ஒன்றுக்காகவா மனு எழுதுகிறாய் என்று தாங்கள் நினைக்கலாம். முழுதாகச் செய்து பலிக்காமல் போனால் நாங்கள் யாரையும் குறை சொல்ல மாட்டோம். பாதியில் நின்று பலிக்காமல் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

6. அந்த இயந்திரம் டாக்டருடையது அல்ல. வெளிநாட்டிலிருந்து சில மாதங்களுக்கு இரவலாக வந்தது. மற்ற நாட்களில் மதுரையில் இருக்கும். வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிவாக்கில் வேனில் இங்கு வந்து, ஏழு மணிக்குத் திரும்பிவிடும். மதுரையில் வரிசை நிரம்பிவிட்டதால் அங்கே போய்ச் செய்துகொள்ளவும் வழியில்லை. வாரம் ஒன்றாக மூன்று அமர்வுகள் வேண்டும். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இங்கே மருத்துவமனையில் அதனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் இயந்திரத்தை நிறுத்திவிடும். மருத்துவமனையில் உள்ள ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் போதுமானதே தவிர, இதை இழுக்காது.

7. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது மாலை ஐந்தரை மணிக்கு. தாமிரபரணி கரை தட்டி ஓடினாலும் குழாய்க்கு வருவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். குழாய் திறந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டுத் தண்ணீரை இழுப்பார்கள். ஒருவர் இழுப்பதால் அடுத்தவருக்கு வராது. ஆகவே அடுத்தவரும் வாங்கினார். இப்படியே தெரு முழுவதும் மோட்டார் வந்துவிட்டது. குழாயில் மோட்டார் வைப்பது முறையல்ல என்று அறிவேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடும்போது விளக்குகள் சிவந்து மங்கும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் சரியாக இழுக்காது. இழுக்காததால் இன்னும் அதிக நேரம் ஓட விடுவார்கள். கடைசியில் மின்மாற்றியில் பீஸ் போகும்.

தண்ணீர் விடும் நேரத்தை மாற்றலாமே என்று தாங்கள் கேட்கலாம். பேரூராட்சியில் கேட்டோம். மேல்நிலைத் தொட்டி நிரம்புவதே நான்கு மணிக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

8. முதல் அமர்வு நவம்பர் 19 அன்று நடந்தது. இயந்திரம் பலமுறை நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் என் தந்தை தலையைத் தூக்கி, அறையின் பல்பைப் பார்த்து, எந்தப் பகுதியில் சுமை கூடியிருக்கிறது என்று டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் பேச்சைக் கேட்கிறதோ இல்லையோ தலையைக் கீழே வைக்கும்படி டாக்டர் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ வேன் புறப்படுவதற்குள் முடிந்தது.

9. இரண்டாம் அமர்வு நவம்பர் 26 அன்று. அன்று நடந்தது முழுவதையும் நான் கண்ணால் கண்டேன். இயந்திரம் தொடங்கிச் சற்று நேரத்தில் பீஸ் போனது. தெரு முழுவதும் மோட்டார்கள் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. வாசலில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. விடுப்பில் இருக்கும் என் தந்தைக்குப் பதிலாகத் தங்கள் அலுவலகம் அமர்த்தியவர் வெளியூரிலிருந்து பேருந்தில் வருபவர். அவர் ஐந்து மணிப் பேருந்தில் திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய வேலைநேரம் முடிந்துவிட்டது.

எங்கள் எதிர்வீட்டில் பேக்கரி வைத்திருக்கும் அசன் மைதீன் அவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே வந்து, சிகிச்சை அறைத் திரைக்கு வெளியே நின்று, "நாசரு, பீஸ் போயிட்டு. தொட்டியில ஒரு குடம்கூட ஏறல. செத்த வந்து மாட்டிட்டுப் படுத்துக்கிடும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். நாங்கள் மருந்து வாங்க அம்பாசமுத்திரம் போகும்போதெல்லாம் தம் ஸ்கூட்டரைத் தந்தவர் அவர்தான். பதினெட்டு வருடமாகக் கூப்பிட்டவர் அன்றும் கூப்பிட்டார். பதினெட்டு வருடமாகப் போனவர் அன்றும் எழுந்தார். "இந்தா வந்துட்டேன்" என்ற சொல்லை, அவர் யோசிக்கும் முன்பே அவர் வாய் சொல்லிவிட்டது. டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். "மின்சாரம் வந்தாத்தானம்மா ஒங்க மிசினும் ஓடும்" என்று என் தந்தை சொன்னார். அது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எங்களில் யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை.

10. காலில் தடவியிருந்த பசையை லுங்கியால் துடைத்துக்கொண்டு போனார். குதிகாலைத் துடைத்தார், உள்ளங்காலுக்கு வழிந்ததைத் துடைக்கவில்லை. மின்மாற்றிக் கம்பத்தின் உச்சியில் உள்ள மேல் பீஸை மாற்ற ஏறியபோது இரண்டாவது படிக்கட்டையில் கால் வழுக்கியது. விழவில்லை. கைப்பிடியில் தொங்கி, அதே காலை ஊன்றி நின்றுவிட்டார். நின்றதால் நாண் வெடுக்கென்று இழுபட்டதை நான் கீழிருந்து பார்த்தேன். அப்படியே மேலே போய் பீஸைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. தெரு முழுவதும் மோட்டார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. எல்லோரும் தங்கள் தொட்டியைப் பார்க்க வீட்டுக்குள் போய்விட்டார்கள். என் தந்தை கீழே இறங்கி மின்மாற்றி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை நானும் என் தாயாரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அழைத்து வந்தோம். அதற்குள் வேன் புறப்படும் நேரம் ஆகிவிட்டது.

நாண் அறுபடவில்லை என்று டாக்டர் சோதித்துச் சொன்னார். ஆனால் வீக்கம் வடிய இரண்டு வாரம் இடைவெளி விடச் சொன்னார். இரண்டு வாரம் என்றால் டிசம்பர் 10, அதாவது இன்று. இயந்திரம் இங்கு வருவது இன்றோடு கடைசி.

விடுப்பில் இருக்கும் ஊழியர் கம்பம் ஏறியது விதிப்படி தவறாக இருக்கலாம். அன்று அவர் ஊழியராக ஏறவில்லை, கூப்பிட்ட குரலுக்காக ஏறினார் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

11. நவம்பர் 30 அன்று தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். தாங்கள் வெளியே சென்றிருந்தீர்கள். எழுத்தர் சிவசண்முகம் அவர்கள் என்னை உட்காரச் சொல்லி, மனுவை முழுவதும் படித்தார். மின்மாற்றியின் சுமையைச் சென்ற மாதம்தான் அளந்தார்கள், அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றார். எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று கேட்டேன். காலை பதினொரு மணி என்றார். ஐயா, காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் ஆண்கள் பாதிப்பேர் விக்கிரமசிங்கபுரம் மில்லில் இருப்பார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருப்போம். குழாயில் காற்றுதான் வரும். அந்த நேரத்தில் அளந்தால் அளவு சரியாகத்தான் இருக்கும். காய்ச்சல் மாலையில் வருகிறவருக்குக் காலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தது போன்றது அது. அளந்தவர் பிழை செய்யவில்லை. அலுவலக நேரத்தில் அளந்தார், அவ்வளவே. இதை நான் சொன்னபோது சிவசண்முகம் அவர்கள், "அப்படியே எழுதிக் குடும்மா" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

12. அந்த மனுவுக்குப் பதில் வருவதற்குள் டிசம்பர் 10 வந்துவிடும் என்பதால், எங்கள் கையில் இருப்பதை நாங்களே செய்ய முடிவு செய்தோம். நானும் என் தாயாரும் வீடுவீடாகப் போய், அந்த ஒரு நாள் மட்டும் மோட்டார் போடாமல் இருக்கும்படி கேட்டோம். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சரி என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நான் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிடுவார் என்பதே எல்லோருடைய கவலையும். அசன் மைதீன் அவர்கள் மட்டும், "கூடங்குளத்துல கரண்டு செய்யப் போறானாம். அதுவரைக்கும் ஒங்க வாப்பா காலு தாங்காதா பிள்ள?" என்று கேட்டுச் சிரித்தார். என் தாயார் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப தாங்கிச்சு காக்கா. இனிமே தாங்காது" என்று, அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றே அழைத்துச் சொன்னார். அசன் மைதீன் அவர்கள் அதற்குமேல் சிரிக்கவில்லை.

13. இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் தெருவின் கடைக்கோடி வீட்டில் தையல் தைக்கும் ஞானசௌந்தரி அக்கா அவர்கள். அவர் வீட்டில் மோட்டார் இல்லை. மேலே உள்ளவர்கள் இழுத்துவிடுவதால் அவர் குழாய்க்குப் பல மாதங்களாகத் தண்ணீர் எட்டவில்லை, வாய்க்காலில்தான் எடுத்துவருகிறார். மோட்டாரை மட்டும் நிறுத்தச் சொன்னால் யார் நிறுத்தினார், யார் நிறுத்தவில்லை என்று எவருக்கும் தெரியாது. மெயின் சுவிட்சையே எல்லோரும் அணைக்க வேண்டும் என்றார். "எவன் வீட்டுல லைட்டு எரியுதோ அவன் தண்ணி திருடுதான். அம்புட்டுத்தான் கணக்கு" என்றார். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் ஏமாற்ற வழியில்லை. ஒரு விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை மிச்சப்படுத்துவது நோக்கமல்ல. அது அணைந்திருப்பதே சாட்சி.

14. செவ்வாய்க்கிழமை மாலை ஒத்திகை பார்த்தோம். தெரு இருண்டது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் சன்னல் வெளிச்சமாக இருந்தது. அது அசன் மைதீன் அவர்களுடைய வீடு. எல்லோரும் தெருவில் நின்று அந்தச் சன்னலைப் பார்த்தோம். யாரும் கூப்பிடவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே வெளியே வந்து, அது எமர்ஜென்சி லைட்டு என்றார். ஞானசௌந்தரி அக்கா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒங்க எமர்ஜென்சி லைட்டு தண்ணியும் இழுக்கோ அண்ணாச்சி?" என்றார். தெரு சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போனார். சன்னல் இருண்டது, மோட்டார் சத்தமும் நின்றது.

அதன்பின் நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஞானசௌந்தரி அக்கா வீட்டுக் குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு துருநீர் வந்தது. பிறகு நல்ல தண்ணீர் வந்தது. எல்லா வீட்டுத் தரைக்குழாயிலும் ஒரே அளவில் வந்தது. மாடித் தொட்டிகள் நிரம்பவில்லை. குடங்கள் எல்லாம் நிரம்பின. டாக்டரிடம் முன்பே சாவி வாங்கி வைத்திருந்த மருத்துவமனையில் மட்டும் மின்சாரத்தை விட்டுவைத்திருந்தோம். அங்கே ஸ்டெபிலைசரின் முள் அசையாமல் நின்றது. நான் வீட்டுக்கு ஓடிப்போய் இதை என் தந்தையிடம் சொன்னேன். "பகல்ல நிக்கற மாதிரி நிக்கும்" என்றார். முள்ளைப் பார்க்காமலே அப்படிச் சொன்னார்.

15. இம்மனு எழுதுவதை என் தந்தை விரும்பவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆபீசைப் பற்றிப் புகார் எழுதலாமா என்று கேட்டார். மின்மாற்றி அதிகச் சுமை தாங்குகிறது என்று அவரே முன்பு வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார் என்று என் தாயார் சொல்லக் கேட்டேன், எழுத்தில் கொடுத்ததில்லை. "மின்மாத்தியும் ஒங்கள மாதிரிதான் வாப்பா, வலிக்குன்னு சொல்லாது. நாமதான் எழுதிக் குடுக்கணும்" என்றேன். பதில் பேசவில்லை. நான்காம் பத்தியில் எழுதியபடி அதன் பொருள் தங்களுக்குத் தெரியும். ஆனால் இன்று காலை என் பேனாவில் அவரே மை நிரப்பி வைத்திருந்தார்.

16. வரும் தை மாத முடிவுக்குள் கம்பம் ஏறத் தகுதி உண்டு என்று மருத்துவச் சான்று தராவிட்டால் என் தந்தைக்கு மாற்றுப் பணி வழங்கப்படும் என்று தங்கள் அலுவலகத்தில் அறிவித்திருக்கிறார்கள். மாற்றுப் பணி இழிவானது அல்ல. ஆனால் கம்பத்தின் மேலிருந்து இறங்கி வரும்போது அவர் முகம் இருக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தொலைக்க எங்களுக்கு மனமில்லை. மூன்றாம் அமர்வு முழுமையாக முடிந்து, பயிற்சியும் ஓய்வும் தொடர்ந்தால், பங்குனிக்குள் ஏற வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் கருதுகிறார்.

ஆகவே, தாங்கள் எங்கள் தெரு மின்மாற்றியின் சுமையை ஏதேனும் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நேரில் வந்து அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வோம், உண்மை அளவு தெரியாமல் போய்விடும். அளந்த பின் மின்மாற்றியைப் பெரிதாக்குவதா, பாதி வீடுகளை வேறு மின்மாற்றிக்கு மாற்றுவதா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். என் தந்தையின் தகுதிச் சான்றுக்குப் பங்குனி முடிய அவகாசம் அளிக்க வேண்டும். அதுவரை, மாலையிலும் பீஸ் போட ஒருவர் உள்ளூரில் தங்கும்படி செய்ய வேண்டும். அவர் பெயரைச் சொல்லித் தெருவில் நின்று கூப்பிட எங்கள் ஊர் பழகிக்கொள்ளும். கூப்பிடாமல் இருக்க மட்டும் எங்களுக்குத் தெரியாது.

தாங்கள் அளக்க வருவீர்கள் என்ற உறுதியோடு இம்மனுவை நாளை காலை பள்ளிக்குப் போகும் வழியில் நேரில் சமர்ப்பிக்கிறேன்.

இடம்: வடகரைப்பேட்டை
நாள்: 10.12.1998

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
நா. தஸ்மியா

பின்சேர்க்கை: கையொப்பமிட்ட பின் இதைச் சேர்க்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். காத்திருப்பு அறை விளக்கையும் டாக்டர் நிறுத்திவிட்டார், சன்னலில் மிஞ்சியிருக்கும் மங்கல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வேன் வந்துவிட்டது. இயந்திரம் ஓடுகிறது. கதவு வழியாக அந்தத் தட்டச்சுச் சத்தம் கேட்கிறது. இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. நடுவில் என் தந்தை உள்ளிருந்து, "யாரும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை வாப்பா என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். அசன் மைதீன் அவர்கள் மருத்துவமனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது கூப்பிட வந்தால் திருப்பி அனுப்புவதற்காம். இன்று முதலில் இருண்டது அவருடைய வீடுதான். இப்போது மணி ஆறைத் தாண்டிவிட்டது. வாய்க்கால்பாலத் தெருவில் இன்று மின்தடை இல்லை என்பதையும், பீஸ் போகவில்லை என்பதையும், யாரும் என் தந்தையைக் கூப்பிட வரவில்லை என்பதையும், மேல்கோடியிலிருந்து கடைக்கோடி வரை எங்கள் வீட்டு விளக்குகளை நாங்களே அணைத்துவிட்டோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.